மண்டபத்துக் கடிகாரம்

மணி என்ன சார் ஆச்சு? இல்லல்ல, என் வாட்ச்சு ஓடுது. நல்லாத்தான் ஓடுது. சரியா ஓடுதான்னு பாத்துக்கத்தான் கேட்டேன். பத்து இருபத்தஞ்சா? எனக்கும் அதேதான். இப்பல்லாம் பக்கத்துல யாரு உக்காந்தாலும் ஒருதரம் கேட்டு வெச்சுக்கிறது. கோவிச்சுக்காதீங்க.

மதுரைக்குத்தானே? நானும் அங்கிட்டுத்தான். லாயரம்மா பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இந்தப் பைய மேல வைய்யின்னு கண்டக்டரு ரெண்டுதரம் சொல்லிட்டாரு. வைக்க முடியாது சார். இதுக்குள்ள ஒரு போன் இருக்கு. போன்னா சாதா போன்தான், ஓரத்துல கீறல் விழுந்தது. ஆனா மடியை விட்டு இறக்க முடியாது.

என் பேரு வெள்ளைச்சாமி. வேலாம்பாறையில சிவகாமி மகால்னு ஒரு கல்யாண மண்டபம் இருக்கு, அதுல மேனேசரு. இருபத்திரண்டு வருசம். மேனேசருன்னா பெருசா நினைச்சுராதீங்க. சாவியும் என் கையில, விளக்குமாறும் என் கையில. வீட்டைக் கட்டிப் பாரு, கல்யாணம் பண்ணிப் பாருன்னாங்க. மண்டபம் நடத்திப் பாருன்னு ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருந்தா ஓடியிருப்பேன்.

நான் சேந்த புதுசுல ஒரு கல்யாணம். ஒம்பது மணிக்கு முகூர்த்தம் முடியுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போட்டோ எடுக்குறோம் போட்டோ எடுக்குறோம்னு பொண்ணை மேடைக்கே விடல. ஒம்பது அஞ்சுக்குத்தான் தாலி ஏறுச்சு. பொண்ணோட சித்தப்பா வந்து என் சட்டையப் பிடிச்சாரு. நான் என்ன சார் பண்ணுவேன்? தாலியா கட்ட முடியும் நான்? அன்னைக்குச் சாயங்காலம் எங்க முதலாளி சொன்னாரு, "வெள்ளைச்சாமி, மேடைக்கு நேரா இருக்குற கடிகாரத்தைப் பத்து நிமிசம் கூட்டி வையி. இவனுகளத் திருத்த முடியாது." கூட்டி வெச்சேன். அதுக்கப்புறம் ஒரு முகூர்த்தம் தப்பினது கிடையாது. ஒண்ணுகூட.

எல்லாரு கையிலயும் போன் இருக்கேம்பீங்க. மேடையில போன்ல யாரு சார் மணி பாக்குறா? படம்தான் எடுப்பாங்க. மந்திரம் சொல்ற அய்யருகூட நிமிந்து என் கடிகாரத்தைத்தான் பாப்பாரு.

அப்புறம் ஒரு மனுசன் ரெண்டு நேரத்துல வாழ முடியுமா? என் வாட்ச்சையும் அதுக்கு வெச்சேன். வீட்டுக் கடிகாரத்தையும் அதுக்கு வெச்சேன். கொஞ்ச நாள்ல மறந்தே போச்சு. அதுதான் மணின்னு ஆகிப்போச்சு. பின்னாடி கேமரா போட வந்த ஆளு, அண்ணே டைம் என்ன வைக்கட்டும்னு கேட்டாரு. செவத்தைப் பாத்து வையுங்கன்னேன். அவரும் வெச்சாரு.

இதை ஏன் சொல்றேன்னா, எனக்கு ஒரு பொண்ணு இருந்தா சார். ஒரே பொண்ணு. கோகிலவாணி. வாணின்னுதான் கூப்பிடுவோம். பி.எட். முடிச்சுட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தா. வாய் ஜாஸ்தி. முதலாளி வந்தாலே, என்ன முதலாளி எங்கப்பாவுக்கு எப்பத்தான் லீவு விடுவீங்கம்பா. அவரு சிரிச்சுக்கிட்டே போயிருவாரு. லீவு விட மாட்டாரு, அது வேற.

ஆடி மாசம். முகூர்த்தமே கிடையாது. மண்டபம் காலியாக் கெடக்கு, காத்தாடிக்குக் கீழ நான் மட்டும். கடிகாரம் முந்தி ஓட வேண்டிய அவசியமே இல்ல. ஆனா ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்? மத்தியானம் சோறு வாணிதான் தூக்குல கொண்டாருவா. வெளிய ஒரு சத்தம். சத்தம் கேட்ட உடனே நான் என்ன பண்ணேன் தெரியுமா? நிமிந்து கடிகாரத்தைப் பாத்தேன். பழக்கதோசம் சார். பன்னெண்டு நாப்பத்தாறு. அப்புறந்தான் ஓடினேன். தூக்கு ஒருபக்கம் கெடந்துச்சு, சோறு ரோட்டுல கெடந்துச்சு. ஜல்லி ஏத்தின டிப்பரு. நிக்கல. நின்னுருந்தாக்கூட பரவால்லன்னு தோணும் எனக்கு. ஆம்புலன்சைக் கூப்பிடக்கூடத் தோணல, காய்கறி வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினோம். பெரியாஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு.

வேண்டாம் சார், தண்ணி இருக்கு எங்கிட்ட. நீங்க குடிங்க.

பாத்த ஆளு யாரும் இல்ல. ஆடி மாசத்து வெயில்ல எவன் ரோட்டுல நிப்பான்? எங்க மண்டபத்து வாசல் கேமரா ஒண்ணுதான் பாத்துச்சு. நம்பர் பிளேட்டு முழுக்க சேறு. ஆனா கடைசி ரெண்டு நம்பரு பதினேழுன்னு தெரியுது, பின்கதவுல மஞ்சள்ல வேல் படம் தெரியுது. அது யாரு லாரின்னு ஊருக்கே தெரியும். பெரிய குவாரிக்காரரு. ஆனா ஊருக்குத் தெரிஞ்சா போதுமா? கோர்ட்டுக்குத் தெரியணும்ல.

அதனால நான் எல்லாத்தையும் முறைப்படி செஞ்சேன். இதுல என்னைய ஒரு குத்தம் சொல்ல முடியாது. பொண்ணை எரிச்சுட்டு வந்த அன்னைக்கே மண்டபத்துக்குப் போயி கேமராவை நிறுத்தினேன். எதுக்குன்னா, கேமரா எடுக்குறதைப் பதிஞ்சு வைக்கிற பெட்டி பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் பழசு மேலயே புதுசைப் பதிஞ்சுரும். விட்டிருந்தா அழிஞ்சிருக்கும். பெட்டி இருக்குற ரூமைப் பூட்டி, சாவிய அரணாக்கயித்துல கட்டிக்கிட்டேன். குவாரிக்காரரு ஆளு ஒருத்தன் வந்து சும்மா ஒருதரம் பாத்துட்டுப் போறேண்ணேன்னான். விளக்குமாத்தை எடுத்தேன், போயிட்டான்.

எஸ்.ஐ. வந்தாரு. நல்ல மனுசன். நான்தான் பதிவை ஓட்டிக் காட்டினேன். நாலுதரம். லாரி வர்ற இடத்துல நிறுத்துங்கம்பாரு, கொஞ்சம் பின்னாடி போங்கம்பாரு. நான் போவேன். அவளப் பாக்கல சார். மேல மூலையில நேரம் ஓடும்ல, அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பன்னெண்டு நாப்பத்தாறு, பத்தொம்பது நொடி. அதுக்கு மேல என் கண்ணு கீழ இறங்கல.

"கேமராவுல நேரமெல்லாம் சரிதானே?"ன்னு கேட்டாரு. சரின்னேன். அவரும் சும்மா விடல. ஹாலுக்கு வந்து செவத்துக் கடிகாரத்தைப் பாத்தாரு, உள்ள போயி பெட்டியைப் பாத்தாரு. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. இருக்காதா பின்ன? ஒண்ணு நான் வெச்சது, இன்னொண்ணு அதப் பாத்து வெச்சது. நேரம் சரியா உள்ளதுன்னு மகஜர்ல எழுதினாரு. உள்ள இருந்த டிஸ்க்கைக் கழட்டிக் கவர்ல போட்டு, அரக்கு வெச்சு எடுத்துக்கிட்டுப் போனாரு. பெட்டி எங்ககிட்டயே இருந்துச்சு. அப்புறம் அந்த டிஸ்க்குக்கு நீளமா ஒரு நம்பர் எடுத்தாங்க. பதிவுல ஒரு புள்ளி மாறினாலும் நம்பர் மாறிப்போயிருமாம். கடைசி வரைக்கும் மாறல. கேமரா ஒழுங்கா வேலை செஞ்சுச்சு, அதுல பதிஞ்சது அம்புட்டும் உண்மைன்னு ஒரு சான்றிதழ்ல கையெழுத்துக் கேட்டாங்க. முழுப் பேரா எழுதிப் போட்டேன்.

ரெண்டு வருசம் இழுத்து, நான் சாட்சிக் கூண்டுல ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீலு மரியாதையாத்தான் ஆரம்பிச்சாரு. நீங்க நேரம் தவறாத ஆளுன்னு கேள்விப்பட்டேனேன்னாரு. எனக்கு உச்சி குளுந்துபோச்சு. அதுதான் சார் என் புத்தி.

"கேமரா நேரம் ஒண்ணு ரெண்டு நிமிசம் முன்னப்பின்ன இருக்குமா?"

"இருக்காதுங்கய்யா. எங்க மண்டபத்துல இருபது வருசமா ஒரு முகூர்த்தம் தப்பினது கிடையாது."

பெருமையாச் சொன்னேன். பொண்ணு செத்த கேசுல கூண்டுல நின்னுக்கிட்டு, முகூர்த்தம் தப்பினது கிடையாதுன்னு பெருமை பேசுறேன். அவரு தலையாட்டிட்டு ஒரு சீட்டை எடுத்து ஜட்ஜய்யாகிட்ட நீட்டினாரு. எடை மேடைச் சீட்டு. எங்க மண்டபத்துல இருந்து ஒம்பது கிலோமீட்டரு. அந்த பதினேழாம் நம்பர் லாரி அன்னைக்குப் பன்னெண்டு நாப்பத்தெட்டுக்கு அங்க எடை போட்டிருக்கு. கம்ப்யூட்டர் அடிச்ச சீட்டு. ஜல்லி லாரி ரெண்டு நிமிசத்துல ஒம்பது கிலோமீட்டரு போகுமாய்யா, பறந்து போச்சான்னு கேட்டாரு. வேல் போட்ட லாரி ஊருல நாலு இருக்கு, இது வேற லாரின்னாரு.

அப்பத்தான் சார் ஞாபகமே வந்துச்சு. சத்தியமா அப்பத்தான். "அய்யா, அந்தக் கடிகாரம் பத்து நிமிசம் கூட்டி வெச்சதுங்க"ன்னேன்.

"இப்பத்தானே சரியான நேரம்னு சொன்னீங்க?"

"எங்களுக்கு அதுதாங்கய்யா சரி."

கோர்ட்டே சிரிச்சுச்சு. டவாலிகூடச் சிரிச்சான். ஜட்ஜய்யா மட்டும் சிரிக்கல. அந்தப் பெட்டியை நேர்ல போயிப் பாத்து, இப்ப எவ்வளவு வித்தியாசம் காட்டுதுன்னு அறிக்கை குடுக்க ஒரு ஆளை நியமிச்சாரு. வெளிய வந்ததும் அரசாங்க வக்கீலு என் தோள்ல தட்டி, கவலைப்படாதீங்க, பத்து நாள்ல ஆளு வருவாரு, மண்டபத்தைத் திறந்து மட்டும் வைங்கன்னாரு. எதையும் தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. படிச்சவருதானே? சொல்லியிருக்கணும்ல சார்?

நான் என்ன பண்ணேன்னா... கோர்ட்டுல இருந்து ஒரு ஆபீசரு வர்றாரு. மண்டபத்தைப் போட்டது போட்டபடி வெச்சிருக்க முடியுமா? கலெக்டரு வீட்டுக் கல்யாணத்துக்கே குறை சொல்ல விடாதவன் நான். ஒட்டடை அடிச்சேன். மேடையைக் கழுவிவிட்டேன். கேமராக் கண்ணாடியைத் துணி போட்டுத் துடைச்சேன். அப்புறம் ஏணி போட்டு ஏறினேன். நாலு பேரு முன்னாடி தப்பு நேரம் வெச்சவன்னு பேரு வாங்கியாச்சு, வர்ற மனுசன் கண்ணுலயாச்சும் சரியாத் தெரியட்டும்னு கடிகாரத்தைப் பத்து நிமிசம் பின்னாடி தள்ளி வெச்சேன். ரேடியோச் செய்தி கேட்டு, நொடி பிசகாம. உள்ள போயி பெட்டியிலயும் தட்டித் தட்டி நானே மாத்திட்டேன்.

இருபது வருசத்துல அன்னைக்குத்தான் சார் முத முதல்ல அதைச் சரியா வெச்சேன்.

ஆபீசரு வந்தாரு. பெட்டியைப் பாத்தாரு, தன் போனைப் பாத்தாரு. வித்தியாசம் ஏதுமில்லைன்னு எழுதிக்கிட்டாரு. நான் ஓடிப் போயி, நான்தான்யா மாத்தினேன், நீங்க வர்றீங்கன்னு மாத்தினேன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. அரசாங்க வக்கீலு தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "சாட்சியத் தொட்டுட்டியேய்யா"ன்னாரு. அம்புட்டுத்தான். சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் குடுத்து விடுதலை. லாரி டிரைவரு கோர்ட்டு வாசல்லயே டீ குடிச்சான். குடிக்கட்டும். அவனுக்கும் பிள்ளைங்க இருக்காம்.

வீட்டுல பாக்கியம் கேட்டா. பாக்கியம்னா என் சம்சாரம். என்னங்க ஆச்சுன்னா. அரசாங்க வக்கீலை விலைக்கு வாங்கிட்டானுகன்னு சொல்லிட்டேன். அபாண்டம்தான். அந்த மனுசன் என் கேசுக்காகத் தொண்டை வத்தக் கத்தினவரு. ஆனா வேற என்ன சொல்றது? உன் புருசன் ஏணி போட்டு ஏறி உன் மக கேசைத் துடைச்சுட்டான்னா சொல்றது? அவளும் நம்பிட்டா. நாசமாப் போவான்னு அந்த வக்கீலுக்குத் தினமும் ஒரு சாபம் விடுவா. நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்.

போன மாசம் ஒரு அம்மா தம்பி கல்யாணத்துக்கு மண்டபம் பேச வந்தாங்க. ஜெசிந்தான்னு பேரு, மதுரையில வக்கீலு. வாசல்ல வாணி படம் இருக்கும், முதலாளிதான் மாட்டச் சொன்னாரு. யாருன்னு கேட்டாங்க. கோர்ட்டுக்கு வெளிய யாருகிட்டயும் சொல்லாததை அவங்ககிட்டச் சொன்னேன், இப்ப உங்ககிட்டச் சொல்ற மாதிரி. அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, மேல்முறையீடு போடலாம், ஆனா அந்தக் கடிகாரம் அப்ப முந்தி ஓடுச்சுன்னு காட்ட ஏதாவது வேணும், பழைய கல்யாண வீடியோவோ போட்டோவோ இருக்கான்னாங்க. கல்யாண ஆல்பம் நாப்பது பாத்தேன். ஒண்ணுலயும் கடிகாரம் இல்ல. பொண்ணு மாப்பிள்ளையத்தானே எடுப்பான், கடிகாரத்தை எவன் எடுப்பான்?

ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருந்து, விடிஞ்சதும் அடுப்படிக்குப் போயி பாக்கியத்துக்கிட்டச் சொல்லிட்டேன். முழுசும். வக்கீலு மேல பழி போட்டதையும் சேத்து. அவ அடுப்பை அணைச்சுட்டுக் கேட்டா. சத்தம் போடுவான்னு பாத்தேன். போடல. எந்திரிச்சுப் போயி சாமி அலமாரியில இருந்து வாணி போனை எடுத்துட்டு வந்தா. தினமும் சார்ஜ் போட்டு வெச்சிருக்கா. நான் மண்டபத்துக்குப் போனதும் எடுத்து வெச்சு அவ குரலைக் கேப்பாளாம். எனக்குத் தெரியாது. அந்தப் போனு பக்கமே நான் போனதில்ல.

அதுல ஒரு வீடியோ இருக்காம் சார். அவ போறதுக்கு முந்துன தை மாசம், ஒரு கல்யாணத்துல இவ எடுத்தது. மேடைக்கு நேரா இருக்குற கடிகாரத்தைக் காட்டி, பாருங்க பாருங்க, ஊரு உலகத்துக்கு இப்ப மணி எட்டு பதினெட்டு, எங்கப்பாவுக்கு மட்டும் எட்டு இருபத்தெட்டு, எங்கப்பா நம்மளவிடப் பத்து நிமிசம் வயசானவருன்னு கேலி பண்ணிருக்கா. எங்கிட்டக் காட்டவே இல்ல. காட்டினா வைவேன்னு நினைச்சிருப்பா.

பாக்கியம் சொன்னா, "இதத் தினமும் கேட்டேன். கேஸு இதுல இருக்குன்னு எனக்குத் தெரியலையே. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" சொல்லியிருக்கலாம். வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்.

அதோட விட்டிருந்தாத் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவ நிமிந்து நடுவீட்டுச் செவத்தைப் பாத்தா. "அப்ப நம்ம வீட்டுக் கடிகாரம்?"ன்னா.

அதுவும் பத்து நிமிசம் கூட்டித்தான்னேன்.

"அன்னைக்கு அவ தலைக்குக் குளிச்சுட்டு முடியக் காய வெச்சுக்கிட்டு இருந்தா. இரும்மா இரும்மான்னா. நான்தான் இதைப் பாத்துட்டு, மணியாச்சு, அப்பா பசியோட இருப்பாருன்னு விரட்டிவிட்டேன். பத்து நிமிசம் இருந்துச்சா? அவ முடி காயப் பத்து நிமிசம் இருந்துச்சா?"

அந்த லாரி எங்க மண்டபத்தைக் கடந்தது ஊரு மணி பன்னெண்டு முப்பத்தாறுக்கு. நாங்க மூணு பேரும் ஊரு நேரத்துல இருந்திருந்தா, அது வெறும் ரோட்டுல போயிருக்கும். இத எந்தக் கோர்ட்டு விசாரிக்கும் சார்? அந்தக் கேசுல எதிரி யாரு? என்னைய யாராச்சும் கூண்டுல ஏத்தினாத் தேவலைன்னு இருக்கு. வீட்டுக் கடிகாரத்தைச் சரி பண்ண ஏணியை எடுத்தேன். "அதுல கைய வைக்காதீங்க"ன்னா. வைக்கல. இன்னைக்கும் அது பத்து நிமிசம் முந்தித்தான் ஓடுது.

லாயரம்மா போன்ல சொல்லிட்டாங்க. யாருக்கும் அனுப்பக் கூடாது, வாட்சப்புல அனுப்பினா எடுத்த நேரம் அழிஞ்சுபோயிருமாம். போனையே கொண்டாங்க, கோர்ட்டுல ஒப்படைச்சாத்தான் நம்புவாங்கன்னாங்க. எத்தனை வருசம் அங்க இருக்கும்னு தெரியாது. நகல் எடுத்துக் குடுப்பாங்கன்னு பாக்கியத்துக்கிட்டச் சொன்னேன். அவ காலையில போனை வாணியோட துப்பட்டாவுல சுத்திக் குடுத்தா. சார்ஜரையும் உள்ள வெச்சா. "கோர்ட்டுல சார்ஜ் போடுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க. அணைஞ்சு போயிரக்கூடாது"ன்னா. நான் எவன்கிட்டப் போயி இதக் கேப்பேன்?

இந்தா வரப்போகுது, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. அடுத்து இறங்கணும்.

சார், ஒரு உதவி. இதப் பாக்குறதுல தப்பில்லன்னு லாயரம்மா சொல்லியிருக்காங்க. அந்தக் கடிகாரம் தெளிவாத் தெரியுதான்னு நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லணும். முள்ளு ரெண்டும் தெரியணும். நான் இன்னும் பாக்கல. போயி உக்காந்து, தெரியலன்னு அவங்க சொல்லிட்டா என்னால எந்திரிக்க முடியாது. இந்தாங்க. சத்தத்தை மட்டும் சுத்தமாக் குறைச்சுருங்க. நான் இங்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன்.

வந்துருச்சா? கடிகாரம் தெரியுதா? முள்ளு? எட்டு இருபத்தெட்டா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ம். சரி. சரி சார். போதும்.

இல்ல, இருங்க, நிறுத்தாதீங்க. அவ தெரியுறாளா அதுல? முடியப் பின்னியிருக்காளா, விரிச்சு விட்டிருக்காளா?

கொஞ்சம் சத்தம் வைங்க சார்.